குடுமியான்மலை முதல் ஒலிவாங்கி வரை

இசையரங்கிலிருந்து வெளிவருவோர் இரு கட்சியாகப் பிரிந்து வாதிடுவதை நாம் அடிக்கடி கேட்கிறோம். "பழைய வித்துவான்களின் சாரீரம் கணீரென்று கொட்டகையின் கடைசி மூலைவரை கேட்கும், இக்காலத்தவரோ ஒலிவாங்கியின் தயவில் பாடுகிறார்கள்" என்பது ஒரு கட்சி. "பழையவர்கள் உரக்கப் பாடினார்கள், நயமாகப் பாடுவோர் இக்காலத்தவரே" என்பது மறு கட்சி. இரு கட்சியாரும் குரலின் தன்மையைப் பற்றிப் பேசுகிறார்களேயன்றி, அந்தக் குரல் எந்த இடத்தில், எத்தனை பேர் கேட்பதற்காக, எந்தக் கருவிகளின் நடுவே எழுந்தது என்பதைக் கருதுவதில்லை. பாடும் இடம் மாறும்போதெல்லாம் பாடும் முறையும் மாறிவந்திருக்கிறது. இந்த உண்மையை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்குப் புதுக்கோட்டை மாவட்டத்தைப்போல் வாய்ப்பான நிலப்பகுதி தமிழகத்தில் வேறு காண்பது அரிது. 1948ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வரையில் தொண்டைமான் மன்னர்களின் தனியரசாக இருந்து, பின்னர் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து, 1974ஆம் ஆண்டு சனவரியில் தனி மாவட்டமாக மலர்ந்த இச்சிறு பகுதியில், பாறையில் வெட்டிய இசையும் உண்டு. அரசவை இசையும் உண்டு. விடிய விடிய நடைபெறும் நாடகமேடை இசையும் உண்டு. திரைப்பட இசையும் உண்டு. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகட்கு மேற்பட்ட குரலிசை வரலாற்றின் படிகளை ஒரே மாவட்டத்தில் ஏறி இறங்கிப் பார்த்துவிடலாம்.

முதற்படி குடுமியான்மலை. புதுக்கோட்டை நகருக்கு மேற்கே ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில், பழைய காலத்தில் திருநலக்குன்றம் என்று வழங்கிய இவ்வூரில், குன்றின் சரிவிலே மேலைக்கோயில் என்னும் குடைவரைக் கோயில் இருக்கிறது. அதன் பக்கத்திலுள்ள பாறையில், ஏறத்தாழ பதின்மூன்று அடிக்குப் பதினான்கு அடி பரப்பில், ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் கல்வெட்டு ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. எழுத்து பல்லவ கிரந்தம், மொழி வடமொழி. பெரும்பாலான கல்வெட்டுகள் நிலத்தையும் பொன்னையும் ஆட்டையும் விளக்கையும் பற்றிப் பேசும். இதுவோ சுவரங்களையன்றி வேறொன்றையும் பேசவில்லை. இந்திய நாட்டில் கிடைத்துள்ள மிகப் பழைய சுவர எழுத்துச் சான்றுகளுள் இது தலையாயது.

இக்கல்வெட்டு ஏழு பகுதிகளாக அமைந்துள்ளது. மத்தியம கிராமம், ஷட்ஜ கிராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிக மத்தியமம், கைசிகம் என்னும் ஏழு கிராம ராகங்களுக்குப் பகுதிக்கு ஒன்றாகச் சுவரக் கோவைகள் தரப்பட்டுள்ளன. சுவரங்கள் நான்கு நான்காகக் கூட்டி எழுதப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு சுவரத்தின் எழுத்தும் ஒரே உயிரோடு வாராமல், ச, சி, சு, சே எனவும், ர, ரி, ரு, ரே எனவும் நான்கு வகை உயிர்களோடு மாறிமாறி வருகிறது. இறுதியில், உருத்திராசாரியரின் மாணவனும் சிவபிரானிடம் பேரன்பு பூண்டவனுமாகிய ஓர் அரசன், மாணாக்கர்களின் நன்மைக்காக இவற்றை இயற்றினான் என்ற குறிப்பு இருக்கிறது. அதையடுத்து, எட்டுக்கும் ஏழுக்கும் இவை உரியன என்னும் கருத்துடைய தமிழ்த் தொடர் ஒன்றும் காணப்படுகிறது. அரசனின் பெயர் கல்வெட்டில் இல்லை. முதலாம் மகேந்திரவர்மனே அவன் என்று அறிஞர் பலர் கொண்டனர். சிலர் அதனை மறுத்தனர்.

பி. ஆர். பண்டார்க்கர் இக்கல்வெட்டைப் படித்து இந்தியக் கல்வெட்டுத் தொகுதியின் பன்னிரண்டாம் தொகுதியில் வெளியிட்ட நாள் முதல், அந்த நான்கு உயிர்களின் பொருள் யாது என்ற வினா இசையறிஞர்களை ஈர்த்து வந்திருக்கிறது. கல்வெட்டே தன் சுவரக் கோவைகளை நான்கு 'பிரகாரங்கள்' கொண்டவை என்று பெயரிட்டழைக்கிறது. பிரகாரம் என்றால் அடி, தட்டு என்று பொருள். நரம்பை விரலால் தெறிப்பது. ஆகவே இவை வீணையின் நரம்பிசைக்கு எழுதப்பட்டவை என்றும், உயிர்களின் வேறுபாடு விரல் வைக்கும் முறையின் வேறுபாட்டைக் குறிக்கலாம் என்றும் கருதுவதற்கு இடமுண்டு. தெற்கே திருமயம் குடைவரையிலும் மலையக்கோயிலிலும் 'பரிவாதினி' என்ற வீணைப் பெயர் பொறிக்கப்பட்டிருப்பதும் இக்கருத்துக்கு அரண் செய்கிறது.

அப்படியானால் குரலிசைக்கும் இக்கல்வெட்டுக்கும் தொடர்பு யாது என்று நேயர்கள் கேட்கலாம். தொடர்பு மிக நெருக்கமானது. நம் பழைய இசைநூல்கள் மனித உடலையே ஒரு வீணையாகக் கருதின. மரத்தாற் செய்த வீணை ஒன்று. உடலாகிய வீணை மற்றொன்று என்று நாரத சிட்சை இரண்டையும் இணைத்துப் பேசுகிறது. மெலிவு, சமன், வலிவு என்று நம் முன்னோர் வகுத்த மூன்று நிலைகளில், மெலிவு நெஞ்சிலும், சமன் மிடற்றிலும், வலிவு தலையிலும் பிறக்கின்றன என்பது வடநூலாரின் கொள்கை. குரல் எழும் இடத்தை உணர்ந்து ஆளும் பயிற்சி ஏழாம் நூற்றாண்டிற்கும் முற்பட்டதென்பது இதனால் விளங்கும். நான்கு நான்காகச் சுவரங்களைக் கூட்டிப் பயிலும் முறை, இன்று நம் பிள்ளைகள் பாடும் சரளி வரிசை, சண்ட வரிசைகளை நமக்கு நினைவூட்டுகிறது. இரண்டும் ஒன்றே என்று துணிந்து கூறுவதற்கில்லை. எனினும் மாணாக்கனுக்குச் சுவரங்களைக் கட்டுக்கட்டாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்னும் ஆசிரிய மனப்பான்மை இரண்டிலும் ஒன்றாகவே இருக்கிறது.

திருமயத்தின் செய்தி சற்றே வருந்தத் தக்கது. அங்கும் இதனையொத்த இசைக் கல்வெட்டு ஒன்று இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில், சைவ வைணவக் கோயில்களுக்கிடையே எழுந்த வழக்கைத் தீர்த்து எழுதிய உடன்படிக்கையைப் பொறிப்பதற்காக அதன் பெரும்பகுதி செதுக்கி அழிக்கப்பட்டது. அறுநூறு ஆண்டுகளுக்குள் அந்தச் சுவரங்களைப் படித்துப் பொருள் கொள்ளக்கூடியவர் அவ்வூரில் இல்லாமற் போயினர் என்பதே இதன் கருத்து. எழுத்து நின்றது, அதனை ஒலியாக்கும் குரல்வழி அறுந்தது. குரலிசையின் வரலாற்றில் இது மீண்டும் மீண்டும் நிகழும் ஆபத்து. இதனை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

நரம்புக் கருவியோடு ஒட்டி நடந்த குரல், எப்போது அதைக் கடந்தது? பெரியபுராணம் கூறும் யாழ்முரி வரலாறு இவ்விடத்தில் கருதத் தக்கது. திருஞானசம்பந்தர் பாடும் பதிகங்களைத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழில் இட்டு வாசித்து வந்தார். அப்பாடல்களின் பெருமை யாழினால் வந்தது என்று பாணரின் சுற்றத்தார் தருமபுரத்தில் கூற, பாணர் மனம் வருந்தி, யாழில் அடங்காத ஒரு பதிகத்தைப் பாடியருளும்படி வேண்டினார். சம்பந்தர் அவ்வாறே பாடினார். பாணர் தம் யாழையே முறிக்க முற்பட்டபோது சம்பந்தர் தடுத்தருளினார். தொட்டுத் தொட்டுத் தெறிக்கும் பழைய யாழின் நரம்பு ஒவ்வொன்றும் ஒரு சுவரத்திற்கே உரியது. மனிதக் குரலோ ஒரு சுவரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கியும் அசைந்தும் சுழன்றும் செல்ல வல்லது. கமகம் என்று நாம் போற்றும் அசைவே தென்னாட்டுப் பாட்டின் உயிர்நிலை. குரலுக்கே உரிய இப்பெருமையைத் தமிழ் மக்கள் தெளிவாக அறிந்திருந்தனர் என்பதற்கு அவ்வரலாறு சான்று பகர்கிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் தேவகிரி யாதவர் அவையில் இருந்த சார்ங்கதேவர், தம் சங்கீத ரத்தினாகரத்தில் பாடகர்க்குரிய குணங்களையும் குற்றங்களையும் விரித்துரைக்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு பாடுதல், மூக்கால் பாடுதல், அஞ்சி நடுங்கிப் பாடுதல், கண்ணை மூடிக்கொண்டு பாடுதல், முகத்தைக் கோணிப் பாடுதல் ஆகியவை அவர் காட்டும் குற்றங்களுட் சில. பயிற்சியின்றியும் இராகத்தின் உருவைக் காட்டவல்ல இயற்கைக் குரலுக்குச் சாரீரம் என்று பெயர். அது சரீரத்தோடு பிறப்பது. எழுநூறு ஆண்டுகள் கழிந்த பின்னும் நம் இசையாசிரியர்கள் மாணாக்கரைத் திருத்தும்போது சொல்வன ஏறத்தாழ இவையே. குரலாளும் முறையில் மாறாத பகுதி எது என்பதற்கு இந்தப் பட்டியலே விடை.

இனி மாறிய பகுதிக்கு வருவோம். தொண்டைமான்களின் அரசவையிலும், திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள் சந்நிதியிலும் பாடியவர்கள் ஒலிவாங்கி அறியாதவர்கள். கருங்கல் மண்டபமும் அரண்மனைக் கூடமும் குரலை எதிரொலித்துப் பெருக்கித் தரும். கேட்போரும் நூற்றுக்கணக்கினர், ஆயிரக்கணக்கினர் அல்லர். ஆயினும் புதுக்கோட்டையில் பாடுவோர்க்கு ஒரு கடுமையான சோதனை இருந்தது. அது லயம். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குரிய கருவியாக்கிய மான்பூண்டியாப் பிள்ளை இவ்வூரினர். உடும்புத் தோல் போர்த்த அச்சிறு வட்டக் கருவியை ஒரு கையில் ஏந்தி மறு கையால் வாசித்துக் கணக்கு வழக்குகளில் அவர் செய்த புதுமை, தென்னாட்டு லய மரபில் புதுக்கோட்டை வழி என்றே ஒரு வழியைத் தோற்றுவித்தது. அவருடைய மாணவரான தட்சிணாமூர்த்திப் பிள்ளை மிருதங்கத்திலும் கஞ்சிராவிலும் நாடெங்கும் புகழ் பரப்பினார். பழனி முத்தையாப் பிள்ளை, அவர் மைந்தர் பழனி சுப்பிரமணிய பிள்ளை என்று அவ்வழி தொடர்ந்தது.

இத்தகைய லய மேதைகளின் நடுவே அமர்ந்து பாடுவோர், மிருதங்கத்தின் தொப்பிநாதத்தையும் கஞ்சிராவின் குமுக்கியையும் தம் குரல் கடந்து செல்லும்படி பாட வேண்டியிருந்தது. வாயை நன்கு திறந்து, அகாரத்தை மறைக்காமல், அடிவயிற்றிலிருந்து மூச்சை எழுப்பிப் பாடினாலன்றி அது இயலாது. விடியற்காலையில் எழுந்து மூன்று காலங்களிலும் அகார சாதகம் செய்வதும், கழுத்தளவு நீரில் நின்று பாடிப் பழகுவதும் பற்றிக் கூறப்படும் செய்திகள் இத்தேவையினால் பிறந்தவை. அகலத்தையும் அழுத்தத்தையும் முதலிற் பெற்று, நெளிவையும் நுட்பத்தையும் அதன்மேல் ஏற்றிக்கொள்வது அக்காலத்து முறை.

ஆனால் பழமை முழுவதும் உரத்த குரலே என்று எண்ணுவது தவறு. சென்னையில் வாழ்ந்த வீணை தனம்மாள் 1938ஆம் ஆண்டு மறையும் வரையில், தம் இல்லத்தில் வெள்ளிக்கிழமைதோறும் நடத்திய இசையரங்கு, மெல்லிய ஒலியின் அரங்கு. வீணையும் அதனோடு இழைந்த குரலும் ஓர் அறைக்குள் அடங்கும் அளவிலேயே எழுந்தன. கேட்கச் சென்ற பெரும்புலவர்களும் வித்துவான்களும் மூச்சடக்கி அமர்ந்து கேட்டனர். இடம் சிறியதாயின் குரல் மெல்லியதாகவும் இருக்கலாம் என்பதை அவ்வரங்கு மெய்ப்பித்தது. எனவே பழைமை, புதுமை என்னும் பிரிவு குரலின் உரத்தினால் அமைவதன்று; இடத்தினால் அமைவது.

மூன்றாம் படி நாடகமேடை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) இயற்றிய வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் முதலிய இசை நாடகங்கள் புதுக்கோட்டை, மதுரை, காரைக்குடி வட்டாரங்களில் கோயில் திருவிழாதோறும் நடைபெற்று வந்திருக்கின்றன. திறந்த வெளி, பொட்டல் நிலம், இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும் வரை நடக்கும் கூத்து, தரையில் ஆயிரக்கணக்கான மக்கள். எதிரொலிக்கக் கருங்கல் மண்டபம் இல்லை. ஒலிபெருக்கி வருவதற்கு முன் இவ்விடத்தில் பாடியவன் தன் குரல் ஒன்றையே நம்பியவன். அதனால் நாடகப் பாட்டு உச்ச சுருதியை நாடியது.

சுருதியைக் 'கட்டை' என்று சொல்லும் வழக்கம் ஆர்மோனியத்தோடு வந்தது. ஆர்மோனியத்தின் முதல் வெள்ளைக் கட்டையை ஆதார ஷட்ஜமாகக் கொண்டால் ஒரு கட்டை; ஐந்தாம் வெள்ளைக் கட்டையைக் கொண்டால் ஐந்து கட்டை; நடுவிலுள்ள கறுப்புக் கட்டைகள் அரைக் கட்டைகள். இன்று கச்சேரி பாடும் ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டையை ஒட்டியும், பெண்கள் நான்கு, ஐந்து கட்டைகளை ஒட்டியும் பாடுகிறார்கள். நாடகமேடையில் ஆண்களும் நான்கு, ஐந்து கட்டைகளில் பாடினர். இதன் வேறுபாட்டைக் கணக்கால் அறியலாம். ஒரு கட்டையில் ஆதார ஷட்ஜம் நொடிக்கு ஏறத்தாழ 131 அதிர்வுகள். ஐந்து கட்டையில் 196. ஒரு கட்டையில் பாடுபவர் மேல் பஞ்சமத்தைத் தொடும்போது எழுவது ஏறத்தாழ 392 அதிர்வுகள். ஐந்து கட்டையில் பாடுபவருக்கு அதே ஒலி வெறும் மேல் ஷட்ஜம்; அவர் மேல் பஞ்சமத்தைத் தொட வேண்டுமானால் 588 அதிர்வுகளுக்கு ஏற வேண்டும். கச்சேரி வித்துவானுக்குச் சிகரமாக அமைவது நாடக நடிகனுக்கு நடுவழி மண்டபம். செங்கோட்டை கிட்டப்பா (1906-1933) இவ்வுச்ச சுருதியில் இனிமை கெடாமல் சஞ்சரித்தவர் என்பதற்கு அவருடைய இசைத்தட்டுகள் இன்றும் சான்றாக உள்ளன.

இத்தகைய பாட்டுக்குக் கொடுத்த விலையும் பெரிது. பாலர் நாடகக் குழுக்களில் சிறுவர்களே எல்லா வேடங்களையும் ஏற்றுப் பாடினர். பருவம் வந்து மகரக்கட்டு உடைந்தபோது, அதுவரை 'ஸ்திரீபார்ட்' ஆகவும் 'ராஜபார்ட்' ஆகவும் விளங்கிய சிறுவன் ஒரு திங்களுக்குள் பாட்டிழந்தவன் ஆனான். சிலருக்குக் குரல் மீண்டது, பலருக்கு மீளவில்லை. உடைந்த குரலை ஓய்வு கொடுத்துக் காப்பதைவிட்டு, மேலும் கத்திப் பாடவைத்ததனால் பாழான தொண்டைகள் கணக்கில. பழைய முறை யாவும் பொன் என்று கூறுவோர் இதனையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நான்காம் படிக்கு நம்மை அழைத்துச் செல்பவர் புதுக்கோட்டையில் 1916ஆம் ஆண்டு பிறந்த பி. யு. சின்னப்பா. இளமையிலேயே நாடக மேடையேறி, 1936ஆம் ஆண்டில் சந்திரகாந்தா என்னும் படத்தின் வழியே திரையுலகிற்குச் சென்றார். உத்தமபுத்திரன் (1940), ஆர்யமாலா (1941), கண்ணகி (1942), ஜகதலப்பிரதாபன் (1944) ஆகிய படங்கள் அவரைத் தமிழகமெங்கும் அறியச் செய்தன. ஜகதலப்பிரதாபனில் பாடகராகவும் பக்கவாத்தியக்காரர்களாகவும் ஒரே காட்சியில் பல உருவாய்த் தோன்றி, பாட்டையும் லயத்தையும் தாமே நடத்திக் காட்டினார். புதுக்கோட்டையின் லய மரபு வெள்ளித்திரையில் ஏறிய காட்சி அது எனலாம். 1951ஆம் ஆண்டில், முப்பத்தைந்தே வயதில், அவர் காலமானார்.

சின்னப்பாவின் பாட்டைக் கூர்ந்து கேட்போர்க்கு இரண்டு காலங்கள் ஒரே குரலில் சந்திப்பது புலனாகும். மேடையில் பழகிய திறந்த அகாரமும், வேகமான பிருகாக்களும், உச்சத்தில் நின்று நிதானிக்கும் துணிவும் ஒருபுறம். ஒலிவாங்கிக்கு ஏற்ப உரையாடலைப்போல் குரலைத் தாழ்த்தி வார்த்தைக்குப் பொருள் தரும் நயம் மறுபுறம். அவர் காலத்து நடிகர்கள் தம் பாட்டைத் தாமே பாடினர். பின்னணி பாடும் முறை வேரூன்றிய பிறகு பாடுவோர் வேறு, நடிப்போர் வேறு என்றாயிற்று. பின்னணிப் பாடகர், காற்றாடியும் இல்லாத மூடிய அறைக்குள், ஒலிவாங்கிக்கு ஒரு சாண் தொலைவில் நின்று பாடுகிறார். பெருமூச்சும் முணுமுணுப்பும் கூட இசையாகலாம் என்னும் நிலை அங்கே பிறந்தது.

இம்மாற்றம் தமிழகத்தில் மட்டும் நிகழ்ந்ததன்று. 1902ஆம் ஆண்டில் கல்கத்தாவில் முதல் இந்திய இசைத்தட்டுகள் பதிவானபோது, பாடுவோர் பெரிய கூம்புக்குழலின் வாயில் முகத்தை வைத்து உரக்கப் பாட வேண்டியிருந்தது. ஒரு பக்கத்திற்கு மூன்று மணித்துளி அளவே இடம். 1925 முதல் மின்சாரப் பதிவு வந்தது. மெல்லிய குரலும் தட்டில் ஏறியது. அமெரிக்காவில் பிங் கிராஸ்பி போன்றோர் காதோடு பேசுவது போன்ற புதிய பாட்டு முறையை ஒலிவாங்கியின் துணையால் வளர்த்தனர். அதே காலத்தில் ஐரோப்பாவின் இசைநாடகப் பாடகர்கள் ஒலிவாங்கி இன்றியே பெரிய வாத்தியக் குழுவைக் கடந்து பாடிவந்தனர். தொண்டையின் உட்புறத்தை அகலமாக்கி, நொடிக்கு ஏறத்தாழ 3000 அதிர்வுகளை ஒட்டிய பகுதியில் குரலின் ஆற்றலைக் குவிப்பதே அவர்களின் மறைபொருள் என்று விஞ்ஞானிகள் கண்டனர். வாத்தியங்களின் ஒலி குறைந்துள்ள அப்பகுதியில் குரல் வாள்போல் ஊடுருவிச் செல்கிறது. அவர்களின் குரல் நொடிக்கு ஐந்து முதல் ஏழு முறை ஒரே சீராக அதிர்கிறது. நம் கமகம் அத்தகைய சீரான அதிர்வு அன்று; ஒவ்வோர் இராகத்திலும் ஒவ்வொரு சுவரத்திற்கும் தனித்தனி வடிவம் பெறும் அசைவு. ஆகவே மேனாட்டார் முறையை அப்படியே கொள்வதும் நமக்கு ஒவ்வாது. மூச்சின் ஆட்சி, தொண்டையின் தளர்வு ஆகியவற்றில் அவர்களிடம் கற்பதற்கு இடமில்லை என்று தள்ளுவதும் முறையாகாது.

1930களில் கச்சேரி மேடையிலும் ஒலிவாங்கி புகுந்தது. அதன் நன்மை தீமைகளை நடுநிலையோடு ஆராய்தல் வேண்டும். முதலாவது, தாழ்ந்த சுருதியுடைய சாரீரங்களுக்கு வாழ்வு கிடைத்தது. எம். டி. இராமநாதனின் ஆழ்ந்த, நிதானமான மந்தர நாதம் ஆயிரம் பேர் நிறைந்த சபையில் கேட்டது ஒலிவாங்கியின் கொடை. இரண்டாவது, நுண்ணிய கமகங்களைக் குரலை வருத்தாமல் எடுத்துக்காட்ட முடிந்தது. மூன்றாவது, கஞ்சிராவின் குமுக்கியும் கடத்தின் மெல்லிய விரலோசையும் எல்லோர் காதிலும் விழுந்தன; புதுக்கோட்டை லய மரபின் நுட்பம் முன்வரிசையினர்க்கு மட்டும் உரியதாக இருந்த நிலை மாறியது. இனித் தீமைகள்: குரலின் அளவைப் பாடகர் தாமே ஆளாமல், ஒலிபெருக்கி இயக்குபவரின் கையில் விட்டனர். வாய் திறவாமல் பாடும் பழக்கம் பரவியது. சொற்கள் தெளிவிழந்தன. பக்கவாத்தியமும் பாட்டும் ஒன்றையொன்று விஞ்ச முயன்று, சபை இரைச்சலாவதும் உண்டு.

ஆர்மோனியத்தைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். நாடகப் பாடகனுக்குச் சுருதித் துணையாக வந்த அக்கருவி, கமகத்தின் எதிரி என்று கருதப்பட்டு, 1940ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலியிலிருந்து விலக்கப்பட்டது. முப்பது ஆண்டுகட்கு மேல் கழிந்த பிறகே அத்தடை தளர்ந்தது. நிலையான கட்டைகளையுடைய கருவியில் அசையும் சுவரம் எழாது என்பது உண்மையே. யாழ்முரி வரலாற்றில் யாழுக்கு நேர்ந்த குறையே மீண்டும் ஆர்மோனியத்தின்மேல் சாற்றப்பட்டது. ஆனால் புதுக்கோட்டை வட்டாரத்து நாடகங்களில் ஆர்மோனியம் மறையவில்லை. பாட்டின் முன்னே வழிகாட்டியும், பின்னே தாங்கியும், நடிகனுடைய மூச்சு தளரும்போது அந்த இடைவெளியை நிரப்பியும் அது பணிபுரிகிறது. கருவியின் குணம் அதனை ஆளும் இடத்தைப் பொறுத்தது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துக் கூறுவோம். பழைய முறையில் குரல் இடத்தை நிரப்பக் கடமைப்பட்டது. புதிய முறையில் அக்கடமையைக் கருவி ஏற்றுக்கொண்டது. பழைய முறையில் அகாரம் திறந்தது. புதிய முறையில் அது மூடவும் திறக்கவும் உரிமை பெற்றது. நாடகமேடையில் சுருதி உயர்ந்தது. ஒலிவாங்கியின் முன் தாழ்ந்தது. பழைய மூச்சு நீண்டு உரத்தது. புதிய மூச்சு குறுகி நயத்தது. இவை யாவும் மாறின. ஆனால் சுருதி சேர்தல், லயம் பிசகாமை, மூச்சைக் காத்தல், சொல்லைச் சிதைக்காமை என்னும் நான்கும் மாறவில்லை. எந்தப் பாடகருக்கும் இவை நான்கும் இன்றியமையாதன.

இதிலிருந்து ஒரு கவலையும் எழுகிறது. இன்று பாட விரும்பும் சிறுவர் சிறுமியர் பெரும்பாலோர் ஆசிரியரிடம் செல்வதற்கு முன்பே பதிவுகளைக் கேட்டுப் பாடத் தொடங்குகின்றனர். அவர்கள் கேட்பது தொண்டையிலிருந்து எழுந்த குரல் மட்டும் அன்று. ஒலிவாங்கி, எதிரொலிக் கருவி, சுருதி திருத்தும் கணிப்பொறி ஆகியவை சேர்ந்து செய்த குரல். கருவி செய்ததைத் தொண்டையால் செய்ய முயலும் பிள்ளை தன் மிடற்றை இறுக்குகிறது. நாடகக் குழுக்களில் மகரக்கட்டு உடைந்தபோது பிள்ளைகள் இழந்ததை, இவர்கள் உடையும் முன்னரே இழக்கக்கூடும். ஆகவே பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் உரிய கடமை ஒன்றுண்டு: முதல் சில ஆண்டுகள் பிள்ளைகள் ஒலிவாங்கி இன்றி, தம்பூராவை மட்டும் துணையாகக் கொண்டு, தம் குரலுக்கு ஏற்ற சுருதியில், திறந்த அகாரத்தில் பாடிப் பழகட்டும். பிறகு ஒலிவாங்கியின் முன் நிற்கட்டும். தன் குரலின் அளவறிந்தவனுக்கு ஒலிவாங்கி துணைவன். அறியாதவனுக்கு அது எசமானன். சுருதியைப் பிறருடைய பெருமைக்காக உயர்த்துவதும், பதிவில் கேட்ட குரலுக்காகத் தாழ்த்துவதும் வேண்டா. பருவம் மாறும் சிறுவனைப் பாடு பாடென்று நெருக்காமல், சில திங்கள் அடக்கிப் பாடவைத்தல் அறிவுடைமை.

பதிவு என்பது நம் காலத்துக் கல்வெட்டு. குடுமியான்மலைப் பாறை சுவரத்தைக் காத்தது. அதை ஒலிக்கும் முறையைக் காக்கவில்லை. நம் இசைத்தட்டுகளும் நாடாக்களும் ஒலியைக் காக்கின்றன. அவ்வொலி மூச்சிலிருந்தும் தொண்டையிலிருந்தும் எழுந்த வழியைக் காட்டுவதில்லை. அவ்வழியைக் காட்டுவது ஆசிரியரின் வாய். பெற்றுக்கொள்வது மாணாக்கரின் செவி. பெயர் சொல்லாமல் நின்ற அந்த அரசன், சுவரங்களை வெட்டிவிட்டுத் தன் புகழையா எழுதினான்? தன் ஆசிரியரின் பெயரையும், மாணாக்கரின் நன்மையையுமே எழுதினான். பாட்டு முறை எதுவாயினும், ஆசிரியரையும் மாணாக்கரையும் இணைக்கும் அந்த வரி அழியாமல் இருக்குமாயின், பழைமையும் புதுமையும் ஒரே மிடற்றில் ஒற்றுமையாய் வாழும்.